ஏரிக்குள் ஒரு டிரங்கு ரோடு

நடந்து போகும்போதுகூடக் கை காட்டிவிட்டுத் திரும்புகிற ஒரு மனிதரை எனக்குத் தெரியும். டீக்கடைக்குள் நுழைவதற்கு முன் நிற்பார். வலது கையைத் தோளுக்கு நேராக நீட்டுவார். பின்னால் பார்ப்பார். பின்னால் ஒரு கோழி வந்தால் கோழியைப் போகவிட்டு அப்புறம் நுழைவார். கோயிலில் சுற்றி வரும்போது நாலு மூலையிலும் அந்தக் கை நீண்டது. தான் எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்று சாமிக்கும் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது என்று நினைத்தாரோ என்னவோ.

ஒருமுறை ஊரில் ஒரு பெரியவர் செத்துப்போனார். பாடை மெயின் ரோட்டைத் தாண்டித்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். தாரை தப்பட்டையோடு கூட்டம் ரோட்டோரம் வந்ததும் இவர் குறுக்கே போய் உள்ளங்கையைக் காட்டி நிறுத்திவிட்டார். தூரத்தில் ஒரு லாரி, புள்ளி மாதிரி. அது வந்து, பெரிதாகி, கடந்து, மறுபடி புள்ளியாகிற வரை பாடை தோள்களில் காத்திருந்தது. பிணத்தின் மூத்த மகன் பல்லைக் கடித்தான். இவர் நிதானமாகச் சொன்னார்:

"செத்தவரே சொம்மா கீறாரு. உனுக்கு இன்னா அவசரம்?"

அவர் சாலை மேஸ்திரி. புதுவாயல் கூட்ரோட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஐந்து மைல் டிரங்கு ரோடு அவர் பொறுப்பு. பள்ளத்தில் ஜல்லி கொட்டித் தார் ஊற்றுவது, புளிய மரங்களுக்கு வெள்ளைப் பட்டை அடிப்பது, மைல் கற்களுக்குச் சுண்ணாம்பு பூசுவது. காக்கி அரைக்கால்சட்டை, தலையில் துண்டு, தார் ஒட்டிக் கறுத்த விரல் நகங்கள். கூடவே ஒரு கறுப்பு சைக்கிள். அதை அவர் தள்ளிக்கொண்டே போவார், தள்ளிக்கொண்டே வருவார். ஏறி உட்கார்ந்து ஒருவரும் பார்த்ததில்லை. பள்ளம் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்க நடந்தால்தான் முடியும் என்பார். நாங்கள் நம்பினோம். அந்த வயதில் காக்கி எது சொன்னாலும் நம்புவோம்.

எழுபதுகள் தொடங்கிய நேரம் அது. கல்கத்தாவுக்குப் போகிற அந்த ரோடு அதுவரை சோம்பலாகக் கிடந்தது; மாட்டு வண்டிகள் அதன் முதுகில் தூங்கிக்கொண்டே போயின. பிறகு கும்மிடிப்பூண்டிப் பக்கம் தகரக் கொட்டகைகள் எழுந்தன. ஆணி, கம்பி, டப்பா என்று ஒவ்வொரு கொட்டகைக்குள்ளும் ஒவ்வொரு சத்தம். லாரிகள் பெருகின. ரோடு முழித்துக்கொண்டது, முழித்ததும் அதற்குப் பசி எடுத்தது. பசங்கள் மெயின் ரோட்டில் சைக்கிளில் போவதற்கு முன் மேஸ்திரியிடம் தேர்வாக வேண்டும் என்று ஊர் கூடி முடிவெடுத்தது அப்போதுதான். எங்கள் ஊர் கூடி எடுத்த முடிவுகளில் கடைசிவரை காப்பாற்றப்பட்டது அது ஒன்றுதான். யாருக்கும் எந்தச் செலவும் இல்லாத முடிவு.

சித்திரையில் ஏரி வற்றிவிடும். சேறு காய்ந்து வெடித்த அந்தப் பெரிய தட்டில் மேஸ்திரி சுண்ணாம்புத் தூளால் ஒரு டிரங்கு ரோடு போடுவார். ஐந்து மைலை ஒரு பர்லாங்குக்குள் மடக்கியிருப்பார். வளைவு உண்டு, மதகுப் பாலம் உண்டு, ரயில்வே கேட் உண்டு. மைல் கல்லைப் பிடுங்கிக் கிலோமீட்டர் கல் நட்ட காலம். பிடுங்கிய கற்களில் ஒன்றை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து நட்டிருந்தார். 'மதராஸ் 24' என்று அது சொல்லிற்று. கெண்டை மீன் துள்ளிய இடத்திலிருந்து மதராஸ் இருபத்து நாலு மைல். ஏரிக்குப் போன சுண்ணாம்பால் நிஜ ரோட்டிலிருந்த புளிய மரங்களுக்கு ஒரு குறை வந்தது. இன்ஜினியரின் ஜீப்பிலிருந்து பார்த்தால் தெரிகிற பக்கத்தில் மட்டும் அவற்றுக்கு வெள்ளைப் பட்டை இருந்தது. வயல் பக்கம் பார்த்தால் மரங்கள் முதுகு காட்டி அம்மணமாக நின்றன.

ஏரிக்குள் லாரி அவர்தான். தார் காய்ச்சுகிற பெரிய இரும்புச் சட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு ஓடி வருவார். ஒரு கல்லால் அதை மூன்று தட்டுத் தட்டினால் ஹாரன். ஹாரன் கேட்டதும் இடது பக்கம் மண்ணில் இறங்க வேண்டும். இறங்கிக் காலை ஊன்ற வேண்டும். லாரியைப் பார்க்கக் கூடாது.

"லாரி மூஞ்சியப் பாக்காத நைனா. அதுல பொட்டு வெச்சிருப்பான், எலுமிச்சம்பழம் கட்டியிருப்பான், சிரிச்சிக்கினு வரும். சக்கரத்தப் பாரு. அது சிரிக்காது."

எங்கள் ஊரில் சைக்கிள் கற்றுக்கொண்ட முதல் பெண் நான் என்று பெருமை பேச எனக்கு ஆசைதான். ஆனால் மேஸ்திரி அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளவே இல்லை. ஆண், பெண், எந்தத் தெரு என்று அவர் பார்த்ததில்லை. எல்லோரையும் நைனா என்றார். எல்லோரையும் பெயிலாக்கினார்.

ஆமாம், எல்லோரையும். தும்மியதற்காக ஒருவன் பெயில். வளைவில் பாட்டு முணுமுணுத்தவன் பெயில். மணி அடிக்க மறந்தவன் பெயில். அதைப் பார்த்துப் பயந்து, அடித்துக்கொண்டே போன அடுத்தவனும் பெயில். எங்கள் பக்கத்து வீட்டுச் செல்வம் ஒரு கோடையில் ஒரு தப்பும் செய்யாமல் 'மதராஸ் 24' கல்லைத் தொட்டுத் திரும்பி வந்தான். நாங்கள் கை தட்டினோம். மேஸ்திரி வெகுநேரம் யோசித்தார். ஒரு தப்பும் பண்ணாதவனுக்குத் தப்பு எப்படி இருக்கும் என்றே தெரியாது, ரோட்டில் முதல் தப்பு வரும்போது என்ன செய்வான் என்று கேட்டார். பெயில்.

தேறியவர்களுக்குக் கொடுக்க அட்டை வைத்திருந்தார். பொன்னேரியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவரிடம் சொந்தக் காசில் நூறு அட்டை அடித்து வாங்கியது. ஓரத்தில் பூக்கொடி, உச்சியில் பிள்ளையார், நடுவில் 'இவர் சாலையில் மிதிவண்டி ஓட்டத் தகுதி பெற்றவர்'. சணல் போட்டுக் கட்டி வந்த கட்டு. அந்த முடிச்சை அவர் அவிழ்த்ததே இல்லை. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பும், ரோடு கரையும், கல் மூழ்கும், பரீட்சை அடுத்த சித்திரைக்குப் போகும். வருணன் வருஷா வருஷம் அவர் கட்சி.

யாராவது கேட்டால் ஒரே பதில் வைத்திருந்தார். "பெயில் ஆனவன் ஊட்ல குந்திக்கினு சோறு துன்றான். பாஸ் ஆனவன நான் எங்க போய்த் தேடறது?" இன்னொன்றும் சொல்வார், நெஞ்சை நிமிர்த்தி: தன்னிடம் கற்றுக்கொண்ட பசங்களில் ஒருத்தனுக்குக்கூட ரோட்டில் சைக்கிளில் அடிபட்டதில்லை. உண்மை. ஒருத்தன்கூட ரோட்டில் சைக்கிளில் போனதில்லை.

ஊருக்கு இது ரொம்ப சௌகரியமாக இருந்தது. எட்டாம் வகுப்போடு எங்கள் ஊர்ப் பள்ளி முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பு கும்மிடிப்பூண்டியில். காலையில் போகிற ஒரே பஸ் மதராஸிலேயே நிரம்பி, கூட்ரோட்டில் தூசியை மட்டும் இறக்கிவிட்டுப் போகும். சைக்கிள்தான் வழி. பிள்ளையை மேலே படிக்க வைக்க மனமில்லாத அப்பன், மனமில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. மேஸ்திரி கையெழுத்துப் போடட்டும், அனுப்புகிறேன் என்று சொன்னால் போதும். இப்படிப் பத்துப் பிள்ளைகளின் படிப்பு நின்றது. யார் மேலும் பழி இல்லை. நின்ற பிள்ளைகள் ஆணிக் கம்பெனிக்குப் போனார்கள். காலை ஆறரைக்குக் கூட்ரோட்டுக்குக் கம்பெனி லாரி வரும். நாற்பது பேர் பின்னால் நின்றுகொண்டு, கயிற்றைப் பிடித்தவர்கள் கயிற்றையும் மற்றவர்கள் ஒருவரை ஒருவரும் பிடித்துக்கொண்டு போவார்கள். அதற்கு எந்த அட்டையும் தேவைப்படவில்லை.

என் நைனாவும் அந்த லாரியில்தான் போனார். எங்கள் பக்கம் அப்பாவையும் நைனா என்போம். நல்ல மனிதர். எதற்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர். அதனால் அதைச் சொல்ல வேறு ஆட்களை வைத்திருப்பார். லாரி வந்தபின் அவருடைய சைக்கிள் சும்மா நின்றது. அதில்தான், குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை விட்டு, மூன்று கோடை ஏரியைச் சுற்றினேன். மூன்று கோடையும் பெயில். எட்டாம் வகுப்பில் நான் முதல் மார்க். மார்க் அட்டையை நீட்டியபோது நைனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி ஒரு கையெழுத்துப் போட்டுட்டார்னா பேஜாரே இல்ல" என்றார். ஆணியைப் பொட்டலம் கட்டுகிற இடத்தில் சின்ன விரல்காரப் பெண்கள் வேண்டும் என்று சூப்பர்வைசர் கேட்டதை அன்று ராத்திரிச் சோற்றின்போது அம்மாவிடம் சொன்னார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

பள்ளி திறக்கப் பத்து நாள் இருந்தது. அந்தக் கோடையில் ஏரியில் நான் செய்த முதல் தப்பு, கை காட்டியபோது கட்டை விரல் மடங்கியிருந்தது. இரண்டாவது, லாரிக்கு, அதாவது மேஸ்திரிக்கு, வழி விட்டபோது முகத்தைச் சுளித்தது. மூன்றாவது என்னவென்று அவர் சொல்லவே இல்லை.

அந்த வாரம்தான் செல்வம் விழுந்தான். ஒரு தப்பும் செய்யாமல் பெயிலானானே, அவன். கம்பெனிக்குப் போக ஆரம்பித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சாயந்திரம் கூட்ரோட்டில் லாரி நிற்குமுன் குதித்திருக்கிறான். எல்லோரும் தினமும் அப்படித்தான் குதிப்பார்கள். கால் சக்கரத்துக்குள் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை என்று கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது.

கூட்டம் கூடியிருந்தபோது மேஸ்திரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். யார் என்று கேட்கவில்லை. "சைக்கிள்லயா?" என்றுதான் கேட்டார். இல்லை, லாரியிலிருந்து என்றார்கள். அவர் மூச்சு விட்டதை நான் பார்த்தேன். நல்ல வேளை என்கிற மாதிரி ஒரு மூச்சு. அப்புறம்தான் யார் என்று யாரோ சொன்னார்கள். வலது கையை நீட்டினார், திரும்பினார், போனார். நீட்டிய கையை மடக்க மறந்து வெகுதூரம் போனார்.

மறுநாள் ஏரிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சுண்ணாம்பு ரோட்டில் ஆடுகள் இஷ்டப்படி குறுக்கே போயின. ஐந்தாம் நாள் நான் அவரைத் தேடிப் போனேன். கூட்ரோட்டுக்குப் பக்கத்தில் தார் டிரம்கள் அடுக்கிய ஒரு கொட்டகை, அதில்தான் இருந்தார். டிரம் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், எங்கள் பெயில்களையெல்லாம் எழுதி வைக்கிற பரீட்சை நோட்டு.

எனக்கு என் வரியைப் பார்க்க வேண்டும். கேட்காமலே எடுத்துப் புரட்டினேன். வருஷத்துக்கு ஒரு பக்கம். பெயர், தேதி, முடிவு, காரணம். ஒவ்வொரு வருஷமும் முதல் வரியில் ஒரே பெயர். அவருடையது. எதிரே பெயில். காரணம்: பயம். அடுத்த வருஷம்: பயம். அதற்கடுத்தது: பயம். ஒரே ஒரு வருஷம் மட்டும், பயம் (கொஞ்சம் குறைவு). அடுத்த வருஷம் மறுபடியும் முழுப் பயம்.

"உங்க பேரு இன்னாத்துக்கு மேஸ்திரி இதுல?"

"பரீட்ச வெக்கிறவன் மொதல்ல எய்த வாணாமா?"

பிறகு அவர் சொன்னதைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். அவரும் சுருக்கமாகத்தான் சொன்னார். ரோட்டில் அடிபட்டால் போலீஸ் வரும், வண்டி வரும், தூக்கிப்போவார்கள். எல்லோரும் போனபின் மிச்சத்தை மூடுவது சாலை மேஸ்திரி வேலை. முதலில் மணல். அதன்மேல் சுண்ணாம்பு. அதே சுண்ணாம்பு.

"நான் மூடின எடம் எல்லாம் எனுக்குத் தெரியும் நைனா. அதும் மேல எப்பிடி ஏறி மெதிச்சிக்கினு போறது?"

நான் அழவில்லை. எனக்கு அப்போது கோபம்தான் இருந்தது. பதிமூன்று வயதில் இரக்கம் தாமதமாகத்தான் வரும்.

"செல்வத்த நீங்க பாஸ் போட்டிருந்தா அவன் சைக்கிள்ல பள்ளிக்கூடம் போயிருப்பான்" என்றேன். "லாரில ஏறியிருக்க மாட்டான்."

வெயிலில் தார் இளகுகிற வாசனை வந்தது.

"திங்கக்கெயம பள்ளிக்கூடம் தொறக்குது மேஸ்திரி. போலன்னா செவ்வாக்கெயம நானும் அந்த லாரிலதான் ஏறணும்."

அவர் எழுந்தார். ஏரி இனிமேல் வேண்டாம் என்றார். பரீட்சையை ரோட்டிலேயே வைக்கிறேன் என்றார்.

திங்கட்கிழமை காலை. நைனா ஷிப்டுக்குக் கிளம்பியிருந்தார். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கூட்ரோட்டில் புத்தகப் பையைக் காரியரில் கட்டிக்கொண்டு நான், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் அவர். கை காட்டினேன், கட்டை விரல் மடங்காமல். பின்னால் பார்த்தேன். ஏறினேன். ரோடு என் சக்கரத்துக்கடியில் வழுவழுவென்று ஓடியது. ஏரியின் வெடிப்புகளில் தடதடத்துப் பழகிய எலும்புகளுக்கு அது கூச்சமாக இருந்தது. காற்றுக்குத் தார் வாசனையும் புளியம்பிஞ்சு வாசனையும். அரை மைல் போய்த் திரும்பிப் பார்த்தால் மேஸ்திரி சைக்கிளோடு ஓடி வந்துகொண்டிருந்தார், ஏதோ கத்திக்கொண்டு. எனக்குக் கேட்கவில்லை. நான் செய்கிற தப்பு அவ்வளவு தூரத்திலிருந்து அவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று கத்தியிருக்கிறார். அதுதான் அவரைப் பிடுங்கித் தின்றது. ரோட்டில் ஒரு பிள்ளை போகிறது, தப்புச் செய்கிறது, அது அவருடைய நோட்டில் ஏறாமல் போகிறது.

அடுத்த முறை நான் திரும்பிப் பார்த்தபோது அவர் சைக்கிள் மேல் இருந்தார்.

விறைத்துப்போய், கண்ணை இடுக்கி, செங்குத்தாக வைத்த கடப்பாரை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆனால் மிதித்தார். அந்த நேரம் பார்த்துத்தான் பின்னாலிருந்து லாரி வந்தது. ஹாரன் இல்லை. மூன்று தட்டு இல்லை. நிஜ லாரிக்கு அந்தப் பாடம் யாரும் சொல்லித் தரவில்லை. காற்று முதலில் வந்து என் பாவாடையை அறைந்தது. மூன்று கோடை ஏரியில் இறங்கி இறங்கிப் பழகிய கால், நான் யோசிக்குமுன் இடது பக்கம் மண்ணில் இறங்கி ஊன்றி நின்றது. சக்கரத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லைதான்.

அது ஆணிக் கம்பெனி லாரி. கூட்ரோட்டில் ஏற்றிக்கொண்டு, இன்னும் ஆள் எடுக்கப் பக்கத்து ஊருக்குள் போன வழியில் டயர் பஞ்சராகி அன்று தாமதம். மேலே நாற்பது பேர். அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் வந்த அதிசயத்தைப் பார்த்தார்கள். மேஸ்திரி சைக்கிள் மேல். ஒருவர் விசில் அடித்தார். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூட்டத்தின் நடுவில் நைனாவின் முகம் மட்டும் என்னைப் பார்த்தது. வாயைத் திறந்தார், மூடினார். லாரி அவரை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

பள்ளி கேட்டில் மேஸ்திரி இறங்கினார், கிட்டத்தட்ட விழுந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நோட்டை எடுத்தார். நான் அவர் பையில் இருந்த அட்டைக் கட்டின் சணல் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணு தப்பு" என்றார். "மதகாண்ட மணி அடிக்கல. ரெண்டு தபா சொம்மாவே திரும்பிப் பாத்த. பெயில்."

நான் காரியரிலிருந்து புத்தகப் பையை அவிழ்த்தேன்.

"நாளைக்கி மறுபரீட்ச" என்றார். "அதே நேரம். லேட்டா வராத."

அன்று சாயந்திரம் நைனா அவரிடம் கேட்டிருக்கிறார், பிள்ளை பாஸா என்று. பரீட்சை இன்னும் முடியவில்லை என்று பதில் வந்தது. முடியாத பரீட்சைக்கு நடுவில் பிள்ளையைக் கம்பெனிக்கு அனுப்புவது எப்படி? மாட்டேன் என்று சொல்லத் தெரியாத நைனாவுக்கு இதற்கு வேறு ஆளும் கிடைக்கவில்லை.

அந்தப் பரீட்சை மூன்று வருஷம் நடந்தது. ஒன்பது, பத்து, பதினொன்று. தினமும் காலையில் ஐந்து மைல், தினமும் பள்ளி கேட்டில் பெயில். இரண்டாம் வருஷம் எனக்குப் பின்னால் ஆறு சைக்கிள்கள். மூன்றாம் வருஷம் பதினான்கு, அதில் ஐந்து பெண்கள். எல்லோருக்கும் பின்னால், ரோட்டில் எங்கே எதை மூடினோம் என்று தெரிந்த ஒருவர், அந்த இடம் வரும்போதெல்லாம் ஒரு நிமிஷம் இறங்கித் தள்ளிவிட்டு மறுபடி ஏறி வந்தார். பதினான்கு பேரையும் கேட்டில் வரிசையாக நிறுத்திப் பெயிலாக்கிவிட்டுத்தான் பள்ளங்களைப் பார்க்கப் போவார். வேறு பள்ளிகளில் பிரார்த்தனை, எங்களுக்கு இது. செல்வத்தின் தம்பி அந்தப் பதினான்கில் ஒருவன். அவனுக்கு மட்டும் காரணம் சொல்லாமல் பெயில் போடுவார்.

எஸ்.எஸ்.எல்.சி. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த நாள் கேட்டில் அவர் நின்றிருந்தார். இன்றைக்காவது போடுங்கள் மேஸ்திரி என்றேன்.

"மூணாவது மைல்ல ரெண்டு கையும் வுட்டுட்டு ஓட்ன. சிரிச்சிக்கினு வேற." நோட்டில் எழுதினார்.

"நீங்க?" என்றேன். "உங்களுக்கு இந்த வருசம் இன்னா போட்டீங்க?"

அவர் குனிந்து தன் பின் டயரைப் பார்த்தார். பட்டை தேய்ந்து வழுக்கையாகியிருந்தது. மாற்றணும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு வலது கையை நீட்டி, பின்னால் பார்த்து, ஏறிப் போனார்.

பின்னாளில் எனக்குக் கார் ஓட்ட லைசென்ஸ் கொடுத்தார்கள். பத்து நிமிஷம் ஆயிற்று. வண்டியைக் கிளப்பக்கூடச் சொல்லவில்லை. இங்கே கையெழுத்து, அங்கே கையெழுத்து, பாஸ். அந்த அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு டிரங்கு ரோட்டில் இறங்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூர நடுக்கம். மதகுப் பக்கம் வந்தால் யாரும் இல்லாவிட்டாலும் ஹாரன் அடிக்கிறேன். மூன்று தரம். மேஸ்திரியின் நோட்டில் என் கடைசி வரி பெயில்தான் என்று எனக்குத் தெரியும். அதனால் சாயந்திரம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சோறு தின்கிறேன்.